ஜி191-பி2பி: புற ஊதா நிறமாலையிலிருந்து வெப்பநிலையை எப்படி எடுப்பது?

#1 | தெம்பனிஸ் வடக்கு

வணக்கம். ஜி191-பி2பி வெண்குறுமீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன் கரு) ஹப்பிள் தரவை மாஸ்ட் என்ற இணையத் தரவுக் காப்பகத்திலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். ஹப்பிளின் ஸ்டிஸ் நிறமாலைக் கருவி, இ140எச் கீற்றணி (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் பாகம்), எல்லாம் எக்ஸ்1டி (பிரித்தெடுத்த நிறமாலை) கோப்புகள். அதன் மேற்பரப்பு வெப்பநிலையை நிறமாலையிலிருந்தே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று விஷயங்களில் விளக்கம் தேவை.

ஒன்று, நிறத்தை வைத்தே வெப்பநிலையைச் சொல்லிவிட முடியாதா? இரண்டு, நிறமாலைத் துண்டுகளான அடுத்தடுத்த வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களில் ஃப்ளக்ஸ் (வந்துசேரும் ஒளியின் அளவு) ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது? மூன்று, கார்பன்-4 கோடு 1548.204 ஆங்ஸ்ட்ராமில் ஒற்றையாக இருக்க வேண்டும். தரவில் அருகருகே இரண்டு பள்ளங்கள் தெரிகின்றன, இரண்டுமே அந்த எண்ணில் இல்லை.

#2 | நிறப்பிரிகை

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது. இந்த விண்மீன் சுமார் 60,000 கெல்வின். வீன் விதிப்படி இதன் உச்ச ஒளிர்வு 483 ஆங்ஸ்ட்ராமில், அதாவது மிகுபுற ஊதாவில். கண்ணுக்குத் தெரியும் ஒளி அந்த வளைவின் கடைசி வால். வெப்பநிலை ஏறினாலும் வாலின் உயரம்தான் கூடும், சாய்வு ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

கணக்கே போட்டுவிடலாம். கரும்பொருள் என்று வைத்து 4,400, 5,500 ஆங்ஸ்ட்ராம் ஃப்ளக்ஸ் விகிதம் பாருங்கள்: 60,000 கெல்வினில் 2.30, 100,000 கெல்வினில் 2.36. வித்தியாசம் 0.03 பரிமாணத்துக்கும் (விண்மீன் பிரகாச அளவு) குறைவு. விண்மீனிடைத் தூசி சிறிதளவு செம்மை சேர்த்தாலே இது மறைந்துபோகும். ஆக 40,000 கெல்வின் வித்தியாசத்தை நிறம் காட்டிக்கொடுக்காது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் விழும் ஹைட்ரஜனின் பால்மர் கோடுகளை நம்பலாமே என்பார்கள். அங்கேயும் சிக்கல். ஹைட்ரஜன் பெரும்பாலும் அயனியாகிவிட்டதால் கோடுகள் ஆழமின்றி இருக்கும். 50,000 கெல்வினுக்கு மேல் பால்மர் தரும் வெப்பநிலையும் புற ஊதாவில் விழும் லைமன் கோடுகள் தரும் வெப்பநிலையும் ஒத்துப்போவதில்லை, லைமன் பக்கம் அதிகமாகச் சொல்லும். பால்மருக்குள்ளேயே எச்-ஆல்பா ஒன்று சொல்லும், எச்-டெல்டா வேறொன்று சொல்லும். 1990களில் நாப்பிவோட்ஸ்கி எடுத்துக்காட்டிய சிக்கல் இது. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் கோடுகள் அருகிலுள்ள மின்துகள்களால் அகலும் ஸ்டார்க் அகலத்தைச் சரியாகச் சேர்த்தால் வளிமண்டலத்தின் மேலடுக்கு குளிர்ந்து கோடுகள் பெருமளவு பொருந்துகின்றன என்று வெர்னர் 1996இல் காட்டினார். உலோகம் இல்லாத மாதிரியை வைத்து இந்த விண்மீனை அளக்கவே கூடாது என்பது அதிலிருந்தே தெரிகிறது.

#3 | பொங்கோல் கிழக்கு

தம்பி, இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன்.

இ140எச் எஷெல் வகைக் கீற்றணி, நிறமாலையைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கித் தரும். பிரிதிறன் 114,000, வேகக் கணக்கில் ஏறத்தாழ 2.6 கி.மீ./வி. எக்ஸ்1டி கோப்பில் ஒவ்வொரு கிடைவரியும் ஒரு வரிசை, ஒவ்வொன்றிலும் 1,024 பிக்சல். அடுத்தடுத்த வரிசைகளின் ஓரங்கள் ஒரே அலைநீளத்தைப் பகிர்கின்றன. வரிசைக்கு நடுவில் ஒளி அதிகம், ஓரத்தில் குறைவு. இந்தப் பிளேஸ் வளைவு காலப்போக்கில் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. அளவுத்திருத்தம் பழைய இடத்தையே வைத்து வகுத்தால் ஒரு ஓரம் உயரும், எதிர் ஓரம் தாழும். நீங்கள் பார்க்கும் ஃப்ளக்ஸ் பொருத்தமின்மை இதுதான், விண்மீனில் எதுவும் இல்லை.

இதற்கென்றே ஸ்டிஸ்பிளேஸ்ஃபிக்ஸ் என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது. எக்ஸ்1டி கோப்பைக் கொடுத்தால், மேற்பொருந்தும் பகுதிகள் ஒத்துப்போகும்வரை வளைவை நகர்த்தி எக்ஸ்1எஃப் என்ற புதுக்கோப்பாகத் தரும். முதலில் அதை ஓட்டுங்கள்.

அடுத்து டிக்யூ நிரல், அதாவது ஒவ்வொரு பிக்சலின் தரக்குறி. கோப்புத் தலைப்பில் எஸ்டிக்யூஃப்ளாக்ஸ் என்று ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு பிக்சலின் டிக்யூவையும் அதோடு பிட் அளவில் ஒப்பிட்டு, பொருந்துவதை நீக்குங்கள். டிக்யூ பூஜ்யமில்லாத எல்லாவற்றையும் தூக்கி எறிந்தால் நல்ல தரவும் போய்விடும்.

பிறகுதான் கூட்டிச் சேர்த்தல். எல்லாரும் பிழையின் வர்க்கத்தைத் தலைகீழாக எடையாகப் போடுவார்கள். இங்கே அது ஆபத்து. பிழை நிரல் அந்தப் பிக்சலில் விழுந்த ஒளித்துகள் எண்ணிக்கையிலிருந்தே பிறக்கிறது. தற்செயலாகக் குறைவாக விழுந்த பிக்சலுக்குப் பிழையும் குறைவாக வரும், எடை கூடும், சராசரி கீழே இழுக்கப்படும். கோட்டின் அடியில் எண்ணிக்கை குறைவு என்பதால் அங்கேதான் இந்த இழுப்பு அதிகம். கோடு உண்மையைவிட ஆழமாகிவிடும். ஒரே அமைப்பில் எடுத்த கண்காணிப்புகள் என்றால் ஒளிபதிவு நேரத்தையே எடையாக வையுங்கள். வேறு வேறு வரிசைகளைச் சேர்க்கும்போது பிழை நிரலை 50 பிக்சல் அளவுக்கு மென்மையாக்கி, பிறகு எடையாக்குங்கள்.

கூட்டும் முன் ஒவ்வொரு கண்காணிப்பையும் வலுவான ஒரு கோட்டில் வைத்து ஒப்பிடுங்கள். அலைநீளப் பூஜ்யப் புள்ளி அரை பிக்சல் முதல் ஒரு பிக்சல்வரை நகரும். இ140எச்சில் ஒரு பிக்சல் 1.3 கி.மீ./வி. இரும்புக் கோடு 60,000 கெல்வினில் வெப்ப அசைவால் மட்டும் 7 கி.மீ./வி. அகலம்தான் இருக்கும். அதில் ஒரு பிக்சல் குலைந்தாலும் தெரியும்.

#4 | நிறப்பிரிகை

பொங்கோல் அக்கா சொன்னதோடு இரண்டு எச்சரிக்கை. ஸ்டிஸ் தரவில் அலைநீளம் ஏற்கனவே சூரியனை மையமாக வைத்துத் திருத்தப்பட்டிருக்கும். தலைப்பில் ஹெல்கார் என்ற சொல்லுக்கு எதிரே 'முடிந்தது' என்ற குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மறுபடி திருத்தாதீர்கள். பூமியின் ஓட்டம் 30 கி.மீ./வி., இரண்டு தடவை திருத்தினால் ஒளிமண்டலக் கோடும் (விண்மீனின் ஒளிவிடும் மேற்பரப்பில் பிறப்பது) விண்மீனிடைக் கோடும் (வழியிலுள்ள வாயுவில் பிறப்பது) சேர்ந்தே தவறான இடத்தில் போய் உட்காரும்.

மற்றது, ஸ்டிஸ் அலைநீளங்கள் எல்லாம் வெற்றிட மதிப்பு. நிஸ்ட் (அமெரிக்கத் தர அளவீட்டு நிறுவனம்) பட்டியலில் 2,000 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே வெற்றிடம், மேலே காற்று என்பதே இயல்பான அமைப்பு. இ140எச்சில் இது தட்டாது. 2,500 ஆங்ஸ்ட்ராம் பக்கம் போகும்போது கிட்டத்தட்ட 90 கி.மீ./வி. பிழை வந்துவிடும்.

#5 | வுட்லண்ட்ஸ் 17

மூன்றாவது கேள்விதான் இந்த விண்மீனின் உயிர்நாடி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படிப்பவர்கள் குழம்பாமல் இருக்க எண்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்பன்-4 என்றால் மூன்று எலக்ட்ரான் இழந்த கார்பன். இரும்பு-5 என்றால் நான்கு இழந்த இரும்பு. ஒன்று என்பது நடுநிலை அணு.

இந்த விண்மீனை நோக்கிப் பார்க்கும்போது மூன்று வேகங்கள் கிடைக்கின்றன. ஒளிமண்டலம் ஏறத்தாழ 24 கி.மீ./வி. விண்மீனிடை வாயு இரண்டு மேகங்களாக: ஒன்று 19 பக்கம், இன்னொன்று 8.6 பக்கம். 19இல் இருப்பது சூரியனே உள்ளே இருக்கும் உள்ளூர் மேகம். எந்தக் கோட்டையும் பெயர் சொல்லும் முன் அதன் வேகத்தைக் கணக்கிட்டு, எந்தக் கூட்டத்தில் சேர்கிறது என்று பிரியுங்கள். அளந்த அலைநீளத்திலிருந்து ஆய்வக அலைநீளத்தைக் கழித்து, ஆய்வக அலைநீளத்தால் வகுத்து, 299,792 ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உதாரணம், சிலிக்கான்-2 கோடு, 1260.422. இரண்டு எலக்ட்ரானைக்கூட இழக்காத சிலிக்கான் 60,000 கெல்வினில் உயிரோடு இருக்காது. எனவே அது முழுக்க விண்மீனிடை. 1260.458, 1260.503 என்று இரண்டு கூர்மையான பள்ளங்களாக விழும். அந்த இரண்டும் சரியான இடத்தில் விழுந்தால் உங்கள் அலைநீள அளவு நம்பத்தக்கது. இதை முதல் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கார்பன்-4. ஒளிமண்டலப் பங்கு 24 கி.மீ./வி. வேகத்தில் 1548.328இல் விழ வேண்டும். இன்னொரு பள்ளம் 1548.248 அருகில் இருக்கும், அது 8.6 கி.மீ./வி. இரண்டும் சேர்ந்தே உங்களுக்குத் தெரிகின்றன. ஒற்றைக் கோடு என்று எண்ணி மொத்தப் பரப்பையும் அளந்தால் கார்பன் அளவு கூடிப்போகும், அதிலிருந்து வரும் வெப்பநிலையும் கோணிப்போகும். 1550.781 துணைக்கோட்டிலும் அதே அமைப்பு வருகிறதா பார்த்து, இரண்டு கோட்டையும் ஒன்றாகவே பொருத்துங்கள்: இரண்டு வேகம், இரண்டு அகலம், இரண்டு ஆழம்.

#6 | பொங்கோல் கிழக்கு

வுட்லண்ட்ஸ் அண்ணே, 8.6இல் இருக்கும் அந்தக் கார்பன்-4 எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கு வேறு கருத்து. பலர் அதை விண்மீனைச் சுற்றியுள்ள வாயு என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் வேகம் விண்மீனிடை மேகத்தின் வேகத்தோடு அப்படியே ஒத்துப்போகிறதே. விண்மீனே தன் மிகுபுற ஊதாவால் அருகிலுள்ள மேகத்தை அயனியாக்கியிருந்தால் போதும். தனியாக ஒரு வாயுக்கூடு தேவையில்லை.

#7 | வுட்லண்ட்ஸ் 17

அந்த விளக்கத்துக்கு வலு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேறு சில வெப்ப வெண்குறுமீன்களிலும் ஒளிமண்டலத்தைவிட நீலப்பக்கம் நகர்ந்த கார்பன்-4, சிலிக்கான்-4 இருக்கின்றன. எல்லாவற்றிலும் அது மேகத்தின் வேகத்தோடு ஒத்துப்போவதில்லை. கோள் துணுக்குகள் ஆவியாகிக் கொடுத்த வாயு என்ற கருத்தும் இருக்கிறது. இந்த விண்மீனுக்கு உங்கள் விளக்கம், மற்றவற்றுக்குத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதே என் நிலை. வெப்பநிலைக் கணக்குக்கு மூலம் எதுவாயினும் ஒன்றுதான்: அந்தப் பங்கைப் பிரித்து ஒதுக்கிவிட வேண்டும்.

இந்தச் சண்டையே வராத கோடுகளும் உண்டு. கார்பன்-3இன் 1175 தொகுதி, ஆறு கோடுகள். ஆக்சிஜன்-5இன் 1371.296. இவற்றின் கீழ்நிலை அடிநிலை அல்ல, ஏற்கனவே கிளர்ந்த நிலை. விண்வெளியின் மெல்லிய வாயுவில் அந்த நிலையில் அணுக்கள் தங்குவதில்லை. ஆகவே இந்தக் கோடு தெரிந்தால் அது ஒளிமண்டலம்தான். 1371.406இல் தேடுங்கள்.

#8 | தெம்பனிஸ் வடக்கு

அருமையான விளக்கம், நன்றி அண்ணே, அக்கா. சிலிக்கான்-2 பள்ளங்கள் தேட வேண்டும், ஆனால் என்னிடம் உள்ள கோப்புகள் 1,316 ஆங்ஸ்ட்ராமில்தான் தொடங்குகின்றன. ஆக்சிஜன்-5 கோடு சொன்ன இடத்திலேயே இருக்கிறது. இப்போது வெப்பநிலைக்கு வருவோம். கோட்டின் ஆழத்திலிருந்து எப்படி?

#9 | நிறப்பிரிகை

ஒரே கோட்டிலிருந்து முடியாது. அந்தத் தனிமம் அதிகமா, வெப்பம் அதிகமா என்று பிரிக்க வழியில்லை. ஒரே தனிமத்தின் இரண்டு அயனிகளை எடுக்க வேண்டும். கார்பன்-3இலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 47.9 எலக்ட்ரான் வோல்ட், கார்பன்-4இலிருந்து 64.5. வெப்பம் ஏறினால் 3 மெலியும், 4க்கும் 5க்கும் ஆள் சேரும். விகிதத்தில் கார்பனின் மொத்த அளவு அடிபட்டுப் போகும். ஆக்சிஜன்-4 (1338, 1343 பக்கம்), ஆக்சிஜன்-5 இணையும் நல்லது: 77.4 எலக்ட்ரான் வோல்ட் தேவை என்பதால் இந்த வெப்பநிலையில் கூர்மையாக மாறும். இரும்பில் 4, 5, 6 மூன்றுமே இருக்கின்றன. 1,370 முதல் 1,460 ஆங்ஸ்ட்ராம்வரை இரும்பு-5 கோடுகள் மண்டிக்கிடக்கும்.

ஆனால் வெப்பச் சமநிலையை நம்பி அயனி விகிதம் தரும் சாகா சமன்பாட்டைப் போட்டு விகிதம் எடுத்துவிடாதீர்கள். இங்கே அயனியாக்கத்தை நடத்துவது அணுமோதல் அல்ல, கீழிருந்து பொங்கிவரும் கதிர்வீச்சு. மேலடுக்கில் அடர்த்தி குறைவு, மோதல் போதாது. உள்ளூர் வெப்பநிலை என்ன என்பதைவிட அடியிலிருந்து என்ன ஒளி வருகிறது என்பதே அணுவின் நிலையைத் தீர்மானிக்கிறது. உள்ளூர் வெப்பச் சமநிலையை விட்ட மாதிரி கட்டாயம். ஹுபெனியும் லான்ட்ஸும் வளர்த்த டிலஸ்டி (வளிமண்டல மாதிரி), சின்ஸ்பெக் (நிறமாலை) நிரல்கள் இரண்டும் பொதுவில் கிடைக்கின்றன. டூபிங்கன் குழுவின் டிமேப் மாதிரிகளும் உண்டு.

#10 | பொங்கோல் கிழக்கு

டிலஸ்டியை ஓட்டும்போது எங்கே அடி விழும் என்று சொல்கிறேன்.

நேராக உலோகங்களோடு முழு மாதிரிக்குப் போனால் குவியாது. மூன்று படி: முதலில் சமநிலை மாதிரி, அடுத்து சமநிலை இல்லாத, ஆனால் தொடர்நிறமாலை மட்டும் உள்ள மாதிரி, கடைசியில் கோடுகளையும் சேர்த்தது. ஒவ்வொரு படியிலும் ஃபோர்ட்.7 என்ற வெளியீட்டை ஃபோர்ட்.8 என்று பெயர் மாற்றி அடுத்த படிக்குத் தொடக்கமாகக் கொடுங்கள். ஃபோர்ட்.9இல் ஒவ்வொரு சுற்றிலும் மாற்றம் எவ்வளவு என்று பதிவாகும். எல்லா அடுக்கிலும் ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே வந்த பிறகே நம்புங்கள். சராசரி சிறியதாகத் தெரிந்தாலும் மேலே இரண்டு அடுக்கு மட்டும் துள்ளிக்கொண்டிருக்கும். அங்கேதான் கார்பன்-4 கோட்டின் அடி உருவாகிறது.

உலோகங்களையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். முதலில் ஹைட்ரஜன் மட்டும், பிறகு கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், சிலிக்கான், கடைசியில் இரும்பும் நிக்கலும். இரும்பு, நிக்கலின் அளவு ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் பத்து லட்சத்தில் சில அணுக்கள்தான். ஆனால் அவற்றின் லட்சக்கணக்கான கோடுகள் மிகுபுற ஊதாவை அடைத்து, ஆற்றலைத் திருப்பி அனுப்பி, வளிமண்டலத்தின் அமைப்பையே மாற்றுகின்றன. 55,000 கெல்வினுக்கு மேல் உலோகம் உள்ள மாதிரி, தூய ஹைட்ரஜன் மாதிரியைவிட 4,000 முதல் 7,000 கெல்வின் குறைவான வெப்பநிலையைத் தரும்.

சரிபார்க்க: ரவுக் குழு 2013இல் இந்த விண்மீனுக்கு 60,000 ± 2,000 கெல்வின், மேற்பரப்பு ஈர்ப்பின் (செ.மீ./வி.²) மடக்கை 7.60 என்று வெளியிட்டது. உங்கள் விடை அதன் அருகில் வர வேண்டும். இரும்பு-4, இரும்பு-5 இரண்டும் ஒரே இரும்பு அளவைத் தராமல் இழுத்தால் கலங்க வேண்டாம், வெளியான ஆய்வுகளிலேயே அந்த இழுபறி இருக்கிறது.

#11 | லிட்டில் இந்தியா வானம்

அடிப்படையான ஒன்று. ஈர்ப்பு மடக்கை 7.60 என்கிறீர்கள், அதாவது பூமியைவிட ஏறத்தாழ நாற்பதாயிரம் மடங்கு ஈர்ப்பு. இரும்பு எப்படி மேலே நிற்கிறது? மூழ்கிவிட வேண்டாமா?

#12 | வுட்லண்ட்ஸ் 17

மூழ்கத்தான் வேண்டும், விட்டுவிட்டால் விண்மீனின் ஆயுளோடு ஒப்பிடச் சொற்பக் காலத்தில் மூழ்கிவிடும். கதிர்வீச்சு தாங்குகிறது. இரும்புக்கு ஆயிரக்கணக்கான கோடுகள், ஒவ்வொன்றிலும் மேல்நோக்கி வரும் ஒளித்துகளை விழுங்கி மேலே உந்தப்படுகிறது. கோடு நிறைவடைந்துவிட்டால் உந்தல் குறையும், ஆகவே ஓரளவுக்குமேல் ஏறாது. ஷாயே குழு 1995இல் இதைத் தனிமம் தனிமமாகக் கணக்கிட்டது. கணக்கும் அளவீடும் எல்லாத் தனிமத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்பதும் உண்மை.

இதன் உச்சம் பார்க்க விரும்பினால் ஆர்இ 0503-289 என்ற வெண்குறுமீன். ஹீலியம் வளிமண்டலம், 70,000 கெல்வின். 2012இல் அதில் கிரிப்டானும் செனானும் கண்டுபிடித்தார்கள். துத்தநாகம், ஜெர்மேனியம், மாலிப்டினம், பேரியம் போன்றவையும் அதில் இருப்பது தெரியவந்தது. அவற்றின் அளவைக் கணக்கிட அந்த அயனிகளின் அணுத்தரவைப் புதிதாகக் கணக்கிட வேண்டியிருந்தது.

#13 | நிறப்பிரிகை

அதைவிடச் சூடானவற்றுக்கு ஸ்டிஸ் மட்டும் போதாது. பிஜி 1159-035 சுமார் 140,000 கெல்வின். எச்1504+65 ஏறத்தாழ 200,000, ஹைட்ரஜனும் இல்லை, ஹீலியமும் இல்லை, பெரும்பகுதி கார்பனும் ஆக்சிஜனும்தான். அங்கே கார்பன்-3 செத்துப்போயிருக்கும். ஆக்சிஜன்-6இன் 1031.9, 1037.6, நியான்-7இன் 973.3 போன்றவை வேண்டும். அவை ஃப்யூஸ் செயற்கைக்கோளின் பகுதி: 905 முதல் 1,187 ஆங்ஸ்ட்ராம். 1999 முதல் 2007வரை இயங்கியது. தரவு அதே மாஸ்ட் காப்பகத்தில்.

ஃப்யூஸில் ஒன்று கவனியுங்கள். எல்ஐஎஃப்1பி தடத்தில் 1,130 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் 'புழு' என்று அழைக்கப்படும் நிழல் விழும். உணரிக்கு முன்னுள்ள கம்பிவலையின் நிழல். ஃப்ளக்ஸ் பாதிவரை குறையலாம், ஒவ்வொரு கண்காணிப்பிலும் இடம் மாறும். எல்ஐஎஃப்2ஏ தடத்தோடு ஒப்பிட்டு, அகன்ற தாழ்வு ஒன்றில் மட்டும் இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். தடங்களுக்கிடையே அலைநீளமும் சற்று நகர்ந்திருக்கும், தடம் தடமாகத் திருத்திய பிறகே சேருங்கள்.

#14 | லிட்டில் இந்தியா வானம்

சிங்கப்பூரிலிருந்து இதைத் தொலைநோக்கியில் பார்க்கலாமா?

#15 | வுட்லண்ட்ஸ் 17

பார்க்கலாம், ஆனால் புற ஊதா வராது. ஏறக்குறைய 3,000 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே ஓசோன் அடைத்துவிடும். உலகின் எந்த மலை உச்சிக்குப் போனாலும் அதே கதைதான்.

வெறும் புள்ளியாகப் பார்க்க: பரிமாணம் 11.8. நடுவரை விலக்கம் வடக்கே 52.8 பாகை என்பதால் நம் ஊரில் நேர் வடக்கில் 38 பாகைக்குச் சற்று மேல்தான் ஏறும். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் நம் கடிகாரப்படி அதிகாலை 1 மணிவாக்கில் உச்சம். அது வடகிழக்குப் பருவமழைக் காலம், மேகம் விடுவது அபூர்வம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் மேல்மாடித் தாழ்வாரத்தில் வடக்குப் பார்த்து இடமிருந்தால் 200 மி.மீ. தொலைநோக்கியும் கேமராவும் போதும். சிறிய கீற்றணி போட்டால் ஏறக்குறைய கோடே இல்லாத தொடர்நிறமாலை வரும், பால்மர் மங்கலாகத் தெரியும்.

#16 | பொங்கோல் கிழக்கு

ஈர்ப்புச் செம்பெயர்ச்சியையும் சொல்லிவிட வேண்டும். அந்த 24 கி.மீ./வி. முழுவதும் ஓட்டம் அல்ல. 0.55 சூரிய நிறை, ஈர்ப்பு மடக்கை 7.60 என்று வைத்தால் ஆரம் சூரியனில் 0.0195 பங்கு. அதிலிருந்து ஈர்ப்புச் செம்பெயர்ச்சி 18 கி.மீ./வி. வருகிறது. மீதி ஆறுதான் உண்மையான விலகல். தனி விண்மீன் என்பதால் நிறமாலை மட்டும் இந்த இரண்டையும் பிரித்துத் தராது, நிறையும் ஆரமும் வேறு வழியில் வர வேண்டும்.

இந்த வலிய ஈர்ப்பைப் பயன்படுத்தித்தான் 2013இல் பெரங்கட் குழு, மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் நுண்கட்டமைப்பு மாறிலி மாறுகிறதா என்று இதே நிறமாலையில் சோதித்தது, இரும்பு-5, நிக்கல்-5 கோடுகளை வைத்து. தடையாக நின்றது ஆய்வக அலைநீளம். 1,400 ஆங்ஸ்ட்ராமில் ஒரு மில்லி ஆங்ஸ்ட்ராம் பிழை 0.21 கி.மீ./வி. ஹப்பிள் அளவீட்டின் நுட்பத்துக்கு ஆய்வகப் பட்டியல் ஈடுகொடுக்கவில்லை. அதன்பிறகு இரும்பு-5 அலைநீளங்களைப் புதிதாக அளந்தார்கள். ஆகவே பழைய பட்டியலை வைத்துக் கோட்டுக்குக் கோடு வேகம் மாறுகிறதே என்று தேடாதீர்கள், பட்டியலின் ஆண்டைப் பாருங்கள்.

#17 | தெம்பனிஸ் வடக்கு

புரிந்தது அக்கா. தலைப்பில் மைய அலைநீளம் பார்த்தேன்: என்னிடம் 1416, 1598 இரண்டு அமைப்புகள்தான். கார்பன்-3 இல்லாமல் ஆக்சிஜன் இணையை மட்டும் வைத்துத் தொடங்கலாமா?

#18 | பொங்கோல் கிழக்கு

தொடங்கலாம், ஆனால் 1234 அமைப்பையும் இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு அமைப்பும் ஏறத்தாழ 200 ஆங்ஸ்ட்ராம் மூடும். 1234இல் கார்பன்-3 தொகுதி, நைட்ரஜன்-5இன் 1238.8, 1242.8, நீங்கள் தேடிய சிலிக்கான்-2 மூன்றும் வந்துவிடும். லைமன்-ஆல்பாவும் அங்கேதான். அதன் நடுப்பகுதியை விண்மீனிடை ஹைட்ரஜன் நிரப்பியிருக்கும், 1215.3 பக்கம் டியூட்டீரியமும் எட்டிப்பார்க்கும். பொருத்தும்போது நடுவை விட்டு இரு சிறகுகளை மட்டும் எடுங்கள். இரும்பு-4க்கு 1598 அமைப்பில் 1,600க்கு மேல் பாருங்கள், அது உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. ஆக்சிஜனும் கார்பனும் வேறு வேறு வெப்பநிலை சொன்னால் இரண்டையும் இங்கே போடுங்கள், மாதிரியில் எந்த உலோகம் விடுபட்டது என்று பார்க்கலாம்.